வெற்றிடமும் வீட்டுக்கு அழகுதான்



தீபாவளிக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே பல வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "இந்த வருஷம் வரவேற்பறையை மாற்றியே ஆக வேண்டும்!" சோபா தவணையில் வருகிறது. கண்ணாடி அலமாரி வருகிறது. அதனுள் அடுக்கப் பொம்மைகள் வருகின்றன. பண்டிகை முடிந்து உறவினர்கள் புறப்பட்ட பிறகு மிஞ்சுவது என்ன? நடக்க இடமில்லாத வீடும் கட்டி முடிக்காத தவணையும்தான்.

ஜப்பானிய பாணி என்றால் எளிமை என்கிறார்கள். ஆனால், அதற்கும் கடைகளில் பட்டியல் நீளமாகவே இருக்கிறது. காகிதக் கதவு, தாழ்வான மேசை, மூங்கில் விளக்கு என்று வாங்கிச் சேர்த்தால் எளிமை வந்துவிடுமா?

ஜப்பானியரிடம் 'மா' என்று ஒரு சொல் உண்டு. இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள வெளி என்று அதற்குப் பொருள். அந்தச் சொல்லை எழுதும் எழுத்தே, வாசற்கதவுகளின் நடுவே சூரியன் தெரிவதுபோல் அமைந்திருக்கும். வெளிச்சம் உள்ளே வர இடம் வேண்டும் அல்லவா?

16ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி, பொன்னால் இழைத்த ஒரு தேநீர் அறையை வைத்திருந்தார். அவருடைய தேநீர் ஆசான் சென் நோ ரிக்கியூ. அவர் அமைத்ததாகக் கருதப்படும் தேநீர் அறையோ இரண்டே பாய் அளவுதான். ஜப்பானியப் பாய் ஒன்று ஏறத்தாழ 6 அடி நீளம், 3 அடி அகலம். ஆக, சுமார் 36 சதுர அடி. மண் சுவர், சிறிய ஜன்னல்கள், பூ வைக்க ஒரு மாடம். அந்தப் பொன் அறை அழிந்துவிட்டது. கியோத்தோ அருகே யமசாகியில் உள்ள மண் சுவர் அறையை, ஜப்பான் இன்றும் தேசியப் பொக்கிஷமாகக் காத்து வருகிறது.

இந்த எளிமையைத் தேடி ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். 2008ஆம் ஆண்டில் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதி பெற்ற நகரம் இது. அந்த வீடுகளின் முகப்பு குறுகலாகவும் உட்புறம் நீளமாகவும் இருக்கும். நடுவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலே போக, ஐந்தடி நடைபாதைப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சுட்ட களிமண் தரை காலுக்குக் குளிர்ச்சி தரும்.

பிறகு நடந்தது என்ன? பல வீடுகளில் முற்றத்துக்குக் கூரை போட்டார்கள். சுண்ணாம்புச் சுவர்மீது சிமெண்ட் பூசினார்கள். ஈரம் உள்ளேயே தங்கிச் சாயம் உரிந்தது. காற்று நின்றது. குளிர்சாதனப் பெட்டி வந்தது, மின்கட்டணமும் கூடவே வந்தது. வீடு கட்டும்போது கோடையை மனத்தில் வைத்துக் கட்ட வேண்டும் என்று கென்கோ என்னும் ஜப்பானியத் துறவி 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். ஆண்டு முழுவதும் கோடையாக இருக்கும் பினாங்கில் அதை மறக்கலாமா?

ஜப்பானில் இருப்பதை அப்படியே பெயர்த்து வருவதும் சரிப்படாது. கனத்த வைக்கோல் பாய் நம் ஊர் ஈரத்தில் எளிதில் பூஞ்சணம் பிடிக்கும். முழங்கால் வலியுள்ள பாட்டியைத் தரையில் உட்காரச் சொல்வது அலங்காரமாகாது. பார்க்கப்போனால், வாசலில் செருப்பைக் கழற்றுவதும், கோரைப் பாயை இரவில் விரித்துக் காலையில் சுருட்டுவதும், திண்ணையில் காற்று வாங்குவதும் தமிழர் வீட்டுப் பழக்கங்கள்தாமே! பாயைச் சுருட்டியதும் படுக்கையறை கூடமாகிவிடும். ஜப்பானியரும் மெத்தையை மடித்து அலமாரியில் வைத்து இதையே செய்தார்கள்.

"அடுக்குமாடி வீட்டில் முற்றத்துக்கு எங்கே போவது?" என்று கேட்கலாம். ஜன்னலை மறைத்து நிற்கும் அலமாரியை நகர்த்தினால் போதும், காற்றுக்கு வழி கிடைக்கும். ஒரு விடுமுறை நாளில் வரவேற்பறைப் பொருள்களையெல்லாம் வேறு அறைக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் கழியட்டும். தேடி எடுத்தவற்றை மட்டும் திரும்ப வையுங்கள்.

சச்சரவு வருவது இங்கேதான். மாமியார் பாதுகாத்த பித்தளைக் குத்துவிளக்கையும் வெற்றிலைப் பெட்டியையும் மருமகள் பழஞ்சாமான் என்று ஒதுக்குவார். மாமியாருக்கு மனம் நோகும். எளிமை என்பது பெரியவர்களின் நினைவுகளைக் குப்பையில் போடுவதன்று. மரபான ஜப்பானிய வீடுகளில் மாடத்தில் பெரும்பாலும் ஓர் ஓவியம், ஒரு பூ மட்டுமே இருக்கும். மற்றவை பத்திரமாகப் பெட்டிக்குள் இருக்கும். பருவம் மாறும்போது மாடத்துப் பொருளும் மாறும். அதேபோல் பொங்கலுக்குக் குத்துவிளக்கு, சித்திரைக்கு வெற்றிலைப் பெட்டி என்று ஒவ்வொன்றாக நடுவில் வைத்துப் பாருங்கள். இருபது பொருள்களுக்கு நடுவே யார் கண்ணிலும் படாத விளக்கு, தனியாக நிற்கும்போது எல்லார் கண்ணிலும் படும். "இது யாருடையது பாட்டி?" என்று பேரப்பிள்ளை கேட்பான்.

ஆகவே, இந்தத் தீபாவளிக்குக் கடைக்குப் புறப்படும் முன், வீட்டிலிருந்து எதை எடுக்கலாம் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். அதற்குத் தவணை கட்ட வேண்டியதில்லை.