கோட்டைக் கோவிலின் கருங்கல் தொட்டி

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் பல்லாவரத்துக் கருங்கல்லில் செய்த ஞானஸ்நானத் தொட்டி ஒன்று இருக்கிறது. ஆலயத்துக்கு 1678 மார்ச் 25 அன்று வேலை தொடங்கியது. 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை நடந்தது. அப்போது சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் ஸ்ட்ரைன்ஷம் மாஸ்டர். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ராபர்ட் கிளைவின் கல்யாணமும் எலிஹு யேலின் கல்யாணமும் நடந்த இடம் எது என்றுதான் கேட்பார்கள். தொட்டியைத் தேடி வருகிறவர்கள் குறைவு.

இந்தத் தொட்டியின் மூதாதைகள் இங்கிலாந்தின் கிராமக் கோவில்களில் இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் அங்கே குழந்தையின் தலையில் நீரைத் தெளிப்பதோடு விடமாட்டார்கள். குழந்தையையே நீரில் முக்கி எடுப்பார்கள். அதனால் தொட்டியின் வாய் அகலமாகவும் உள்குடைவு ஆழமாகவும் இருக்கும். நீர் கல்லில் ஊறிவிடாதபடி உள்ளே ஈயத்தகடு பொதிந்திருப்பார்கள். அடியில் ஒரு துளை இருக்கும். மந்திரித்த நீர் கண்ட இடத்தில் சிந்தக்கூடாது என்பதால், அந்தத் துளை வழியே அது நேராக மண்ணுக்குள் இறங்கிவிடும். நம் கோவில்களில் அபிஷேக நீர் கோமுகி வழியாக வெளியே வர, கைநீட்டிப் பிடித்துத் தலையில் தெளித்துக்கொள்வார்கள். அங்கே அந்த நீரை ஒருவரும் எடுத்துவிடக்கூடாது என்று காவல் வைத்தார்கள். சூனியத்துக்கும் வைத்தியத்துக்கும் அதைத் திருடிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டி வைக்கவேண்டும் என்று 1236இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் கட்டளையிட்டார். இன்றும் பழைய தொட்டிகள் பலவற்றின் விளிம்பில் கல் சில்லுப் பெயர்ந்த தழும்பு தெரியும். பூட்டின் இரும்புக் கொக்கியைப் பிற்காலத்தில் பிடுங்கி எடுத்த இடம் அது.

அந்தக் காலத்துத் தொட்டிகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று நார்ஃபோக் பகுதியில் பர்ன்ஹாம் டீப்டேல் என்ற சிற்றூரில் உள்ளது. சதுரத் தொட்டி. மூன்று பக்கங்களிலும் பக்கத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஜனவரியில் ஒருவன் கொம்பில் மது குடிக்கிறான். பிப்ரவரியில் குளிருக்குக் காலைச் சூடேற்றிக்கொள்கிறான். மார்ச்சில் மண்ணைக் கொத்துகிறான். பிறகு களையெடுப்பு, கதிர்க்கட்டு, போரடிப்பு. நவம்பரில் பன்றி அறுக்கிறார்கள். டிசம்பரில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். புனிதர் ஒருவரும் இதில் இல்லை. குழந்தை எந்த உழைப்புக்குள் பிறந்திருக்கிறதோ அதையே தொட்டியைச் சுற்றி எழுதிவைத்த சிற்பியின் துணிச்சல் பெரிது.

ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் மியான் என்ற ஊரின் தொட்டி வேறு வகை. கல் உள்ளூர்க் கல் அல்ல. பெல்ஜியத்தில் டூர்னே என்ற இடத்தில் வெட்டிக் கடல் தாண்டிக் கொண்டுவந்த கறுப்புச் சுண்ணாம்புக்கல். இத்தகைய டூர்னே தொட்டிகள் இங்கிலாந்தில் சிலவே மிஞ்சியிருக்கின்றன. ஏதேனை இழந்த ஆதாமுக்குத் தேவதூதர் மண் கொத்தக் கற்றுத்தருவதும், ஏவாள் நூல் நூற்பதும் ஈஸ்ட் மியான் தொட்டியில் உள்ள காட்சி.

1645இல் இங்கிலாந்தில் பியூரிட்டன் எனும் தீவிரப் புராட்டஸ்டண்டுகளின் ஆட்சியில் நிலைமை தலைகீழானது. கல்தொட்டி பழைய கத்தோலிக்க வழக்கம் என்று ஒதுக்கி, சாதாரணப் பேசினில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார்கள். தூக்கியெறிந்த தொட்டிகளில் சில மாடுகளுக்குத் தண்ணீர் காட்டவும் பயன்பட்டன. 1660இல் மன்னராட்சி திரும்பிய பிறகே தொட்டிகளும் கோவிலுக்குத் திரும்பின. சென்னைத் தொட்டி அந்த மீட்சிக் காலத்தின் பிள்ளை. பேசினை வைத்துச் சமாளித்த காலம் கண்ணெதிரே இருந்தும், கடல் தாண்டி வந்த வியாபாரிகள் கல்லிலேயே தொட்டி வைத்தார்கள்.

கல்லைத்தான் இங்கே நின்று பார்க்கவேண்டும். இங்கிலாந்துச் சிற்பிகளுக்குப் பெரும்பாலும் வாய்த்தது சுண்ணாம்புக்கல். வெட்டியெடுத்த புதிதில் உளிக்கு இணங்கும். பல்லாவரத்துக் கல் அப்படி அல்ல. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் இறுகியது அது. உடைத்த முகத்தில் நீலம் ஓடிய கறுப்பும் எண்ணெய் பூசினாற்போன்ற மினுக்கும் தெரியும். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் தோண்டினால் வருவது கடலூர் மணற்கல்லும் பழுப்பு நிலக்கரியும். அவற்றோடு ஒப்பிட்டால் இது இரும்பு. மெருகு ஏற்ற ஏற்ற அழகு கூடும். நுணுக்கமான உருவங்களுக்கு லேசில் இடம் தராது. பர்ன்ஹாம் டீப்டேல் போன்ற உருவக் கதைகள் சென்னைத் தொட்டியில் இல்லாததைக் குறையாகச் சொல்லமுடியாது. இந்தக் கல்லின் கனமும் கறுப்பும் போதும். அலங்காரம் ஏறியிருந்தால் அதுவே கெட்டிருக்கும்.

இதே பல்லாவரத்துக் குன்றில் தொட்டிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உளி பாய்ந்திருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு குடைவரை எடுத்தான். அது இப்போது தர்கா. குணபரன் என்ற பட்டப்பெயர் கொண்ட அந்தப் பல்லவன்தான் பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டியவன் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கொள்கை. ஒரு மன்னனுக்குக் கோவிலான கல், கம்பெனிக்குத் தொட்டி ஆயிற்று.

1689 ஆகஸ்ட் 19 அன்று புனித மரியாள் ஆலயத்தில் மேரி, எலிசபெத், கேத்தரின் என்ற மூன்று சகோதரிகள் ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்கள். தகப்பனார் ஜோப் சார்னாக், மறு ஆண்டு கல்கத்தாவில் கம்பெனியின் குடியேற்றத்தை நிறுவியவர். 1693 ஜனவரியில் அவர் அங்கேயே இறந்தார். அவருடைய கல்லறைக்கு வைத்த கல் பல்லாவரத்திலிருந்து போனது. 1893இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயராலேயே அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். மகள்களின் தலையில் விழுந்த நீர் நின்றதும் அந்தக் கல்லில்தான்.