விரிசல் விட்ட குடத்தில் ஒரு தோட்டம்



வட சென்னையின் வியாசர்பாடித் தெருக்களில் காலையில் நடந்தால் முதலில் கண்ணில் படுவது குடங்கள்தான். லாரித் தண்ணீருக்கு வரிசை கட்டி நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள்: மஞ்சள், பச்சை, நீலம், ரோஸ். அடி தேய்ந்து ஒன்று விரிசல் விட்டால் நேரே பழைய சாமான் கடைக்குப் போய்விடும். அதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. தண்ணீர் பிடிக்க உதவாத குடம் செடி வைக்க வெகு பொருத்தம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்; விரிசல் வழியே வடிந்துவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்கும். கழுத்தை அறுத்து எடுங்கள், தொட்டி தயார்.

தொட்டித் தோட்டத்துக்கு அலங்காரத் தொட்டிகளை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வட சென்னை கழித்துப் போடுகிற பொருள்களே போதும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஓரம் உடைந்த தெர்மாகோல் பெட்டிகள் குவிந்து கிடக்கும். மீனுக்குக் குளிர்ச்சி காக்கிற அதே பெட்டி, கத்திரி வெயிலில் வேருக்கும் சூடு ஏறாமல் காக்கும். உப்பும் கவிச்சியும் போக இரண்டு மூன்று முறை கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் விரல் நுழையும் அளவுக்கு நான்கைந்து ஓட்டை போடுங்கள். வெயில் பட்டால் தெர்மாகோல் உதிரும். அதனால் வெளிப்பக்கம் பழைய கோணிச் சாக்கைச் சுற்றித் தைத்துவிடுங்கள். பெட்டியும் நிற்கும், பார்க்கவும் அழகு. உள்ளே வெந்தயக்கீரை, அரைக்கீரை, கொத்தமல்லி எல்லாம் வரும்.

அங்கேயே கிழிந்த வலைத் துண்டும் கிடைக்கும். பால்கனியின் கீழ்க் கம்பியிலிருந்து மேல் தளம் வரை அதை இழுத்துக் கட்டி, அடியில் ஒரு குடத்தில் அவரையும் இன்னொன்றில் சங்குப்பூவும் ஊன்றுங்கள். மேற்குப் பார்த்த வீடுகளில் சாயங்கால வெயில் சுவரையே சுட வைக்கும். அங்கே இந்தப் பச்சைத் திரை, திரைச்சீலையைவிட நன்றாக வேலை செய்யும்.

இனி நிறம். என் மனசுக்குப் பிடித்த பகுதி இது. குடத்தின் நிறத்துக்கு எதிர் நிறத்தில் செடி வையுங்கள். நீலக் குடத்தில் கனகாம்பரம், மஞ்சள் குடத்தில் ஊதாப் பூ பூக்கும் கத்தரி, பச்சைக் குடத்தில் சிவப்புத் தண்டுக்கீரை. கறுப்பு டிரம் மட்டும் வேண்டாம், வெயிலை இழுத்து வேரை வேகவைத்துவிடும். இருந்தால் சுண்ணாம்பு அடித்து, நடுவே காவிப் பட்டை போடுங்கள். கோயில் மதில் மாதிரி இருக்கும், சூடும் குறையும். ஒன்று சொல்லியாக வேண்டும்: முன்பு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். ரசாயனம் இருந்த டிரம்மில் கீரை வளர்த்துச் சாப்பிடுவது ஆபத்து.

வரிசையாக அடுக்கினால் தண்ணீர் லாரிக்கு நிற்கிற மாதிரியே இருக்கும். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால், விளிம்பில் வழிந்து தொங்கும் பத்து மணிப் பூ கடைசியில். மொட்டை மாடி கிடைத்தவர்கள் புள்ளிக் கோலம் போல ஐந்து, மூன்று, ஒன்று என்று நேர்ப் புள்ளியாய்ச் சிறு தொட்டிகளை வைத்துப் பாருங்கள்.

கனத்தையும் நினைவில் வையுங்கள். 15 லிட்டர் குடத்தில் ஈர மண்ணை நிரப்பினால் கிட்டத்தட்ட 25 கிலோ. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்புகள் இங்கே நிறைய உண்டு. பழைய கட்டடமானால் தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி வையுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் வைக்கவே கூடாது, கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க் கழிவும் மட்கிய எருவும் சேர்த்தால் பாரம் நன்றாகக் குறையும். நார்க் கழிவில் உப்பு இருக்கும், ஊறவைத்து அலசிய பிறகே பயன்படுத்துங்கள். தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித் தோட்டப் பொருள்களைத் தரத் தொடங்கியபோதும் பைகளோடு கொடுத்தது இந்த நார்க் கழிவைத்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். தரையில் ஊன்றிய செடியைத் தூக்க முடியாது. தெர்மாகோல் பெட்டியை இரண்டு பேர் தூக்கி மாடிப்படியில் வைத்துவிடலாம். மழை நின்றதும் தொட்டிக்கு அடியிலுள்ள தட்டுகளை மட்டும் கவிழ்த்துவிடுங்கள், கொசு அங்கேதான் முட்டையிடும்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் குடம் ஒழுகினால் பழைய சாமான்காரரைக் கூப்பிடாதீர்கள். ஒரு கைப்பிடி வெந்தயத்தை ஊறவைத்து அதில் தூவுங்கள். மூன்று நான்கு வாரத்தில் கீரை பறிக்கலாம்.