மலைக்குச் செல்வார்க்கு

(வேங்கிக்காலில் நடந்த தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வேங்கிக்கால் வழியே வடக்கு நோக்கும் பெருஞ்சாலையிற் சென்றால் போளூர். அங்கிருந்து மேற்கே திரும்பினால் சவ்வாது மலை. கோடை வந்தால் அம்மலைச் சாலையில் ஊர்திகள் ஓய்வதில்லை. சமுனாமரத்தூர்க் கோடை விழா, பீமன் அருவி, காவலூர் வானாய்வகம் எனக் கண்டு களிக்கப் பலவும் உள. களித்தல் குற்றமன்று. ஆயின், அங்கே மக்களும் வாழ்கின்றனர் என்பதை நம்முள் எத்துணைப் பேர் எண்ணினோம்?

அவர்களை மலையாளிகள் என்பர். சேரநாட்டு மொழியினர் அல்லர். மலைவாழ்நர் என்பதே பொருள். பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. சாமை விளைத்தும் தேனெடுத்தும் தம் குலவழக்கைப் பேணியும் வாழும் பழங்குடியினர்.

சில ஆண்டுகட்கு முன் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றேன். முதியவள் ஒருத்தி, "எந்த ஊர்ப் பிள்ளைகள்? கஞ்சி குடிக்கிறீர்களா?" என்று கேட்டாள். "டூர் வந்தோம், டிபன் ஆயிற்று, வாட்டர் போதும்" என்றான் ஒருவன். அவள் விளங்காது விழித்தாள். பிள்ளைகள் நகைத்தனர். அவள் வினாவில் அயற்சொல் ஒன்றில்லை; அவன் விடையிலோ பெயர்ச்சொல் மூன்றும் ஆங்கிலம். நகைக்கத்தக்கவர் யார்? தமிழ் கற்பிக்கும் யானும் அன்று வாய்திறவாது நின்றேன். அந்நாணம் இன்னும் அகலவில்லை.

கடல்கடந்தும் இத்தகைய காட்சி உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து இலங்காசுட்டர்ப் பகுதியில் ஆமிசு மக்கள் வாழ்கின்றனர். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவினின்று குடியேறிய உழவர். இன்றும் குதிரை வண்டியிலேயே செல்வர். முகங்காட்டி ஒளிப்படத்திற்கு நிற்றலை விரும்பார். அதனை அறிந்தும் படக்கருவியை நீட்டும் சுற்றுலாவினர் உளர். ஆங்கிலம் சூழ்ந்த நாட்டில் இத்துணைத் தலைமுறை கடந்தும் அவர்கள் வீட்டில் பேசுவது தம் செருமானியக் கிளைமொழியே! அம்மொழியைக் காத்தது அரசன்று, வீடு என்பதை உணர்மின்.

அங்ஙனமாயின் மலைக்கு எவ்வாறு செல்வது? நம் முன்னோர் இப்பகுதிக்கே வழிநூல் வைத்துள்ளனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. செங்கண்மா இன்றைய செங்கம். அந்நூல் கூறும் சேயாறு இம்மலையிற் பிறக்கும் செய்யாறு. 583 அடிகளில் பெருங்கௌசிகனார் சொல்லாத செய்தி இல்லை. பாசி வழுக்கும் பாறை, பாம்பு உறையும் குழி, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் என இடர்களை முன்னரே உணர்த்துகின்றார். மலைச் சீறூர்க்குள் உம் வீடுபோல் நுழையலாம், அவர்கள் உறவினராய் ஏற்று உண்பிப்பர் என்கின்றார். நடுகல்லைத் தொழுது செல்லச் சொல்கின்றார். வழி பிரியுமிடத்தில், பின்வரும் புதியவர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்கவும் சொல்கின்றார்!

அன்று சென்றவன் புல்முடி வைத்தான். இன்று செல்பவன் நெகிழிப் பையை விட்டு வருகின்றான். அன்று உறவினனாய் நுழைந்தான்; இன்று வேடிக்கை பார்ப்பவனாய் நுழைகின்றான்.

இளைஞர்களே! மலைக்குச் செல்லுங்கள். அம்மக்களிடம் நல்ல தமிழில் பேசுங்கள். அவர்தம் சொற்களைக் கேட்டுக் குறித்து வாருங்கள். வீடு திரும்பியபின் அச்சொற்களைப் பிள்ளைகளிடம் வழங்குங்கள். பின்வரும் தலைமுறைக்கு நாம் முடிந்துவைக்கும் புல் அதுவேயாகும்.