சாயம் வெளுத்த கதை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பணி ஓய்வுக்கப்புறம் என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து பலரும் கேட்டுவிட்டீர்கள். "ரயில் ஓட்டுறேன்" என்றேன். சிரித்தீர்கள். உண்மைதான். செம்பிலும் பித்தளையிலும் ஒன்றரை அடி நீளத்தில் ஒரு நீராவி எஞ்சின் செய்தேன். நெருப்பு மூட்டினால் நிஜமாகவே ஓடும். செய்ய இரண்டு வருஷம் ஆனது. கெடுக்க ஒரே ஒரு டப்பா பெயின்ட் போதுமானதாக இருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பேத்தி பிறந்தநாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். வாசல் கேட்டுக்கு அடித்த கறுப்பு எனாமல் வீட்டில் மிச்சம் இருந்தது. அதையே பூசினேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. ஸ்பிரிட் விளக்கை ஏற்றிப் பத்தே நிமிஷம். புகைபோக்கியில் பெயின்ட் அப்பளம் மாதிரி கொப்புளித்தது. வீடெல்லாம் நாற்றம். "தாத்தா, ரயில் கருகுது" என்றாள் பேத்தி.

அப்புறம்தான் படித்த படிப்பு ஞாபகம் வந்தது. எஞ்சின் முழுவதும் ஒரே சூடு கிடையாது. 45 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் சுமார் 145 டிகிரி செல்சியஸ். உள்ளே தண்ணீர் இருக்கிறவரை கொதிகலனின் உடம்பு அதைத் தாண்டி அதிகம் போகாது. ஆனால் தீ நேராக நக்குகிற இடமும், புகைப்பெட்டியும், புகைபோக்கியும் அதைவிட எவ்வளவோ அதிகம் சூடேறும். சாதாரண எனாமல் 100 டிகிரியைத் தாண்டினாலே தடுமாற ஆரம்பிக்கும். ஓட்டுநர் அறை, தண்ணீர்த் தொட்டி போன்ற இடங்களுக்கு அது போதும். சூடான இடங்களுக்கு சிலிக்கோன் பிசினில் செய்த பெயின்ட் வேண்டும். மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கு அடிக்கிறோமே, அந்த வகை. அலுமினியம் கலந்தது 600 டிகிரி வரைகூடத் தாங்கும்.

சரி, சைலன்சர் பெயின்ட் வாங்கி வந்தேன். அடியில் வழக்கம்போல ரெட் ஆக்சைடு பிரைமர். மேலே இருந்தது தாங்கியது, அடியில் இருந்தது கருகியது. மொத்தமும் தோல் உரிவது போல உரிந்தது! சூடான பாகத்துக்குச் சாதாரண பிரைமர் ஆகாது. உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் தின்னரில் துடைத்து, உலோகத்தின் மேலேயே மெல்லிசாகப் பூச வேண்டும்.

இன்னொரு பாடமும் உண்டு. இந்த வகைப் பெயின்ட் காய்ந்தால் மட்டும் போதாது, 200 டிகிரியில் ஒரு மணி நேரமாவது சுட்டால்தான் இறுகும். கேக் சுடுகிற பழைய ஓவன் ஒன்றில் எஞ்சினை அப்படியே வைத்தேன். திறந்து பார்த்தால் புகைபோக்கி படுத்துக் கிடக்கிறது. அதை ஈயப் பற்றாசில் ஒட்டியிருந்தேன். அது 190 டிகிரிக்குள் உருகிவிடும் என்பது முதல் வருஷ மாணவனுக்கே தெரியும்! புகைபோக்கியைத் தனியாகச் சுட்டு, திருகாணி போட்டு மாட்டியிருக்க வேண்டும்.

இதுவரை சிரித்தீர்கள். இனிமேல் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

பெயின்ட் முழுவதையும் சுரண்டியபோது, சேஃப்டி வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு. நீராவி கசிந்து செம்பில் பிடித்த களிம்பு. நான் அடித்த பளபளப்பு அதை மறைத்துவிட்டது. பேத்தி அரை அடி தள்ளி நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஐயா இருந்தார். "சோதனை முடியாம பெயின்ட் டப்பாவத் தொறக்காதடா" என்பார். நாங்கள் சிரிப்போம். பாய்லரில் தண்ணீரை நிரப்பி, ஓடும் அழுத்தத்தைப் போல இருமடங்கு ஏற்றி, ஒரு சொட்டும் கசியவில்லை என்று பார்த்த பிறகே வண்ணம். அவசரத்தில் அதைத்தான் நான் செய்யவில்லை. அப்புறம் அந்த இணைப்பை வெள்ளிப் பற்றவைப்பில் சரிசெய்து, 90 பவுண்டு ஏற்றிப் பார்த்துவிட்டே பெயின்ட் டப்பாவைத் தொட்டேன். சேஃப்டி வால்வில் மட்டும் ஒரு சொட்டுகூடப் படவிடவில்லை. பெயின்ட் அடைத்தால் அது திறக்காது.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்கள் பெரிய பெரிய பாய்லர்களுக்குப் பொறுப்பாவீர்கள். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள், சீக்கிரம் பெயின்ட் அடியுங்கள் என்று யாராவது அவசரப்படுத்துவார்கள். அப்போது இந்தக் கிழவனின் பச்சைக் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் இப்போது நன்றாக ஓடுகிறது. அதன் டிரைவர் பேத்திதான்.