மட்டம் பார்க்கும் கருவிக்கும் மட்டம் பார்க்க வேண்டும்

(மஸ்ஜித் தானா வட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த, கட்டுமானத் தொழிலில் ஈடுபட்டுள்ள இளைஞர்களிடையே ஆற்றிய உரை)

 

இங்கே கூடியிருப்போரில் பலருடைய பெற்றோர் பால்மரத்தை நம்பி வாழ்ந்தவர்கள். அலோர் காஜா மாவட்டத்தில் ரப்பர் நின்ற நிலங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலங்கள் சிலவற்றில் இன்று குடியிருப்புகள் எழுந்துவிட்டன. காலத்தின் மாற்றத்தை உணர்ந்து நம் இளைஞர்களும் புதுத் தொழில்களைக் கற்று வருகிறார்கள். டைல்ஸ் பதித்தல், சீலிங் அமைத்தல், சமையலறை அலமாரி பொருத்துதல் எனச் சிறு சிறு குத்தகைகளை எடுத்துச் சொந்தக் காலில் நிற்க முயல்கிறார்கள். இது பெரிதும் வரவேற்கத்தக்க முயற்சியாகும்.

இவர்களுள் பலருடைய பையில் இன்று லேசர் மட்டக் கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சுவரின் மீது சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரு கோடு விழுகிறது. தன்னைத் தானே மட்டப்படுத்திக் கொள்ளும் கருவி என்று அதை விற்கிறார்கள். அக்கருவி சரியாக மட்டம் கொள்ளாதபோது என்ன செய்வது? இதுவே என் இன்றைய பேச்சின் பொருள். நான் கொத்தனார் அல்லன். ஆசிரியர் பயிற்சி பெற்றுத் தகவல் பணிக்கு வந்தவன். ஆயினும் நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சி இதைப் பற்றிப் பேசும்படி என்னைத் தூண்டியது.

எனக்குத் தெரிந்த சகோதரர் இருவர் ஒரு வீட்டின் முன்கூடத்திற்கு டைல்ஸ் பதிக்கும் வேலையை எடுத்தனர். கூடத்தின் நீளம் 8 மீட்டர். வாசற்படியிலிருந்து வெளிப்புற வடிகாலை நோக்கித் தரை 2 சென்டிமீட்டர் தாழ வேண்டும் என்பது வீட்டுக்காரருடன் பேசிய பேச்சு. கருவியை வாசலருகே வைத்துக் கோடு போட்டார்கள். அக்கோட்டிலிருந்து அளந்து அளந்து கற்களைப் பதித்தார்கள். வேலை பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. மறுவாரம் பெருமழை பெய்தது. வடிகாலுக்குப் போக வேண்டிய நீர் திரும்பி வந்து கதவின் அடியில் நுழைந்து, வீட்டுக்குள் விரித்திருந்த பாயை நனைத்தது.

தரையை உடைத்து மறுபடியும் பதிக்கும் செலவு சகோதரர்கள் தலையில் விழுந்தது. கூலியும் போயிற்று, கல்லுக்கும் சிமெண்டுக்கும் கைப்பணம் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கம்பக்கத்தில் கிடைக்கவிருந்த வேலைகளும் போயின. இளையவர் மனமுடைந்து, தொழிற்சாலை வேலைக்கே திரும்பிவிடப் போவதாகச் சொன்னார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அவர்களுடைய தந்தையார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற அவர், ஒரு நீளமான கண்ணாடிக் குழாயை, அதாவது உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் குழாயை, எடுத்து வந்தார். அதில் நீரை நிரப்பி ஒரு முனையை வாசலிலும் மறு முனையை வெளிக்கோடியிலும் பிடிக்கச் செய்தார். லேசர் கோடு வெளிக்கோடியில் 24 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றது. மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் பிழை! 20 மில்லிமீட்டர் தாழ வேண்டிய தரை 4 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. விசாரித்தபோது, இரு வாரங்களுக்கு முன் கருவி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தது என்ற செய்தி வெளிப்பட்டது. விழுந்த பிறகும் கோடு பளிச்சென்று எரிந்தது. ஆகவே கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர்கள் நம்பிவிட்டார்கள்.

அன்பர்களே, இந்த நம்பிக்கை ஏன் தவறாயிற்று என்பதை அறியக் கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு உங்களுக்குத் தெரியும். ஏறத்தாழ அதே தத்துவந்தான் இங்கும். சாதாரணக் கோட்டு லேசர் கருவிக்குள் ஒரு சிறிய ஊசல் தொங்குகிறது. ஒளியை உண்டாக்கும் பகுதி அதிலேதான் பொருத்தப்பட்டுள்ளது. கருவி சற்றுச் சாய்ந்தாலும் ஊசல் பூமியின் ஈர்ப்பால் நேராகத் தொங்கும். அதன் ஆட்டத்தை விரைவில் அடக்குவதற்குக் காந்தங்கள் உண்டு. தானே மட்டம் கொள்ளும் தொலைநோக்கிக் கருவியை ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் 1950இல் வெளியிட்டது. 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமான் முதல் லேசரை ஒளிரச் செய்தார். இவ்விரண்டின் வழி வந்த கருவியே இன்று நம் இளைஞர் கையில் இருக்கிறது. ஒளி புதியது, ஊசல் பழையது. பழுது பெரும்பாலும் ஊசலைச் சார்ந்தே வருகிறது.

இனி, கோடு விட்டுவிட்டு இமைத்தாலோ மட்டம் கொள்ள மறுத்தாலோ எவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலாவது, பூட்டு. பயணத்தின்போது ஊசல் அடிபடாதிருக்க அதைப் பூட்டி வைக்கும் விசை ஒன்று உண்டு. பூட்டியபடியே கோடு போடவும் பல கருவிகள் இடம் தருகின்றன. படிக்கட்டுச் சரிவு போன்ற சாய்கோடுகளுக்கு அது பயன்படும். ஆனால் அக்கோடு மட்டக்கோடு ஆகாது. எனவே பூட்டு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, நிற்கும் இடம். ஊசல் ஓர் எல்லைக்குள்ளேதான் சரிசெய்துகொள்ளும். பெரும்பாலான கருவிகளில் இந்த எல்லை சுமார் 4 பாகை. அதற்கு மேல் சாய்ந்தால் கோடு இமைத்து எச்சரிக்கும். மழையில் ஊறிய மண்ணில் முக்காலியின் கால் ஒன்று மெல்லப் புதைந்தாலும் இது நேரும். ஒவ்வொரு காலின் அடியிலும் பலகைத் துண்டு வைத்து, முக்காலியைக் கண்ணளவில் நேராக்குங்கள்.

மூன்றாவது, அதிர்ச்சி. அருகில் மின் உற்பத்தி இயந்திரம் ஓடினாலும், மண் இடிக்கும் இயந்திரம் வேலை செய்தாலும், சாலையில் லாரி போனாலும் ஊசல் நிலைகொள்ளாது, கோடு நடுங்கும். இயந்திரத்தைச் சற்று நிறுத்துங்கள். அல்லது கருவியை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

நான்காவது, மின்கலம். வலுக்குறைந்த மின்கலத்தாலும் கோடு மங்கும்; சில கருவிகளில் இமைக்கவும் செய்யும். பச்சை ஒளி கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள்.

ஐந்தாவது, ஈரம். குளிரூட்டிய வண்டியிலிருந்து வெப்பமான வெளிக்காற்றுக்குக் கருவியைக் கொண்டுவந்தால் அதன் கண்ணாடியில் பனிபோல் நீர் படியும். கோடு தடித்துச் சிதறும். சிறிது நேரம் காத்திருந்து மெல்லிய துணியால் துடைத்தால் போதுமானது.

இவை அனைத்தும் சரியாக இருந்து, சமமான மேசை மீது வைத்தபோதும் கோடு இமைத்துக்கொண்டேயிருந்தால் ஊசல் சிக்கியிருக்கக்கூடும். அதைத் திருகிப் பிரிக்க வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

இமைக்கும் கருவி தன் குறையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. இமைக்காமல் தவறான கோட்டைக் காட்டும் கருவியே நம் சோற்றில் மண்ணைப் போடுவது. அதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பென்சில் இருந்தால் போதும். பத்து நிமிட வேலை.

5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே உள்ள இரண்டு சுவர்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். கருவியை முதற்சுவருக்கு மிக அருகில் வைத்து, கோடு விழும் உயரத்தை அச்சுவரில் குறியுங்கள். அதே இடத்தில் கருவியைத் திருப்பி, எதிர்ச்சுவரில் கோடு விழும் உயரத்தையும் குறியுங்கள். பிறகு கருவியை எதிர்ச்சுவருக்கு அருகே கொண்டுபோய், அங்கே குறித்த புள்ளியிலேயே கோடு விழும்படி முக்காலியை ஏற்றியோ இறக்கியோ நிறுத்துங்கள். இப்போது முதற்சுவரின் பக்கம் திருப்புங்கள். முதலில் குறித்த புள்ளியிலேயே கோடு விழுந்தால் கருவி நல்ல நிலையில் உள்ளது. விலகி விழுந்தால், அந்த விலகலே 10 மீட்டருக்கு உரிய பிழையாகும். போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் பிழை சேர்வதால் 5 மீட்டர் இடைவெளி 10 மீட்டராகக் கணக்காகிறது. சாதாரணக் கருவிகள் பலவற்றுக்கு 10 மீட்டரில் 3 மில்லிமீட்டர் வரை பிழை இருக்கலாம் என்று கையேட்டில் குறிப்பிட்டிருப்பார்கள். அச்சகோதரர்களின் கருவியை இவ்வாறு சோதித்தோம். விலகல் 30 மில்லிமீட்டர்!

இன்னும் இரண்டு சோதனைகள் உள்ளன. சுவரில் ஒரு புள்ளியைக் குறித்து, கோட்டின் இடக்கோடி, நடு, வலக்கோடி மூன்றும் அப்புள்ளியின் மேல் வருமாறு கருவியை இடத்திலேயே மெல்லத் திருப்புங்கள். மூன்றும் ஒரே உயரத்தில் வர வேண்டும். நெடுங்கோட்டைச் சோதிக்க, கதவு நிலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் கயிற்றோடு கோடு மேலிருந்து கீழ்வரை ஒட்டி விழுகிறதா என்று பாருங்கள்.

நீர்க்குழாயையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். குழாயினுள் காற்றுக்குமிழி இல்லாமலும், எங்கும் மடிப்பு விழாமலும், இரு முனைகளும் திறந்தும் இருந்தால் அது பொய் சொல்லாது. மேட்டு நிலங்களில் சமமட்டம் பார்த்துப் படிவரப்புகள் வெட்டிக் கன்று நட்டவர்கள் நம் தோட்ட மக்கள். அந்த அறிவு நம் வீட்டிலேயே இருக்கிறது. கேட்டுப் பெறுவதில் வெட்கம் இல்லை.

விழுந்த கருவியின் கதை தமிழ்நாட்டு வரலாற்றிலும் உண்டு. இந்தியாவைக் கோணங்களால் அளக்கும் பெரும்பணியை வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில் தொடங்கினார். அவரிடம் சுமார் அரை டன் எடையுள்ள கோணமானி ஒன்று இருந்தது. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின் மீது அதை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதை அப்படியே வைத்து அளந்துவிடவில்லை. வாரக்கணக்கில் வேலையை நிறுத்தி, வளைந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துச் சீராக்கிய பின்னரே மீண்டும் அளக்கத் தொடங்கினார். ஒரு நாட்டையே அளந்தவர் வாரக்கணக்கில் காத்திருந்தார் என்றால், ஒரு கூடத்தை அளக்கும் நாம் பத்து நிமிடம் செலவிடலாகாதா?

இறுதியாக, கண்ணைப் பற்றி ஒரு சொல். இக்கருவிகள் பெரும்பாலும் இரண்டாம் வகை லேசரைச் சார்ந்தவை. ஒளியின் ஆற்றல் 1 மில்லிவாட்டுக்கு மேற்படாது. இருப்பினும் ஒளி வெளிவரும் துளையை உற்று நோக்குதல் கூடாது. குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்கவும் கூடாது. கோடு நன்றாகத் தெரிவதற்காகத் தரும் நிறக்கண்ணாடி கண்ணைக் காக்கும் கண்ணாடி அன்று.

இளைஞர்களே, மூன்று வழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். பயணத்தில் ஊசலைப் பூட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். ஒவ்வொரு புது வேலைக்கு முன்பும், கருவி விழுந்த ஒவ்வொரு முறையும், இரு சுவர்ச் சோதனையைச் செய்யுங்கள். சோதித்த நாளையும் கண்ட விலகலையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்தச் சகோதரர்கள் இன்று அவ்வாறே செய்கிறார்கள். இளையவர் தொழிற்சாலைக்குத் திரும்பவில்லை. தரையைத் தம் செலவிலேயே திருத்திக் கொடுத்ததைக் கண்ட அந்த வீட்டுக்காரர், தம் சமையலறை வேலையையும் அவர்களிடமே ஒப்படைத்தார்.

நடுவுநிலைக்கு உவமை தேடிய வள்ளுவர் பெருமான் துலாக்கோலைக் காட்டினார். முதலில் தான் சமனாக நின்று, அதன் பின்னரே பிற பொருளின் எடையைச் சொல்வது அதன் இயல்பு. நம் கையில் இருக்கும் கருவியும் அப்படியே இருக்கட்டும். அதைப் பிடித்திருக்கும் கையும் அப்படியே இருக்கட்டும்.