அநீதி இழைக்கும் சகோதரனின் கையைப் பிடியுங்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! சாந்தியும் சமாதானமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

இராயபுரத்திலும் எண்ணூரிலும் வாழும் நமக்குப் பர்மா தூரத்து நாடன்று. 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டுகளில் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கு உழைத்த தமிழர்கள் வெறுங்கையுடன் கப்பலேறி நம் துறைமுகத்தில் வந்திறங்கினர். பர்மா பஜாரும் எண்ணூரின் பர்மா நகரும் அந்தத் துயரத்தின் சுவடுகளே. இரங்கூனில் சூலியா பள்ளிவாசலை எழுப்பிய தமிழ் முஸ்லிம்களின் சந்ததியினரும் அவர்களுள் இருந்தனர்.

அந்த நாடே இன்றைய மியான்மர். 1967இல் பாங்காக்கில் ஐந்து நாடுகள் தொடங்கிய ஆசியான் கூட்டமைப்பில் 1997இல் அது உறுப்பினரானது. இராணுவ ஆட்சியாளர்களை ஒதுக்குவதைவிட அரவணைத்தால் திருந்துவார்கள் என்பது அன்றைய வாதம். ஆனால், உறுப்பு நாட்டின் உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பதும், அனைவரும் இசைந்தால்தான் முடிவு என்பதும் ஆசியானின் அடிப்படை விதிகள். 2008இல் நடைமுறைக்கு வந்த அதன் சாசனத்தில், உறுப்பினரை வெளியேற்றுவதற்கு வழியே வைக்கப்படவில்லை.

இதன் விளைவு என்ன? 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த ரோஹிங்யா முஸ்லிம்கள், 2015 மே மாதம் அந்தமான் கடலில் படகுகளில் தத்தளித்தனர். உறுப்பு நாடுகள் அப்படகுகளை முதலில் திருப்பி அனுப்பின. இந்தோனேசியாவின் ஆச்சே மீனவர்கள்தாம் அவர்களைக் கரைசேர்த்தனர். கடலில் தத்தளிப்பவனைக் கண்டால் அவன் எந்த நாட்டவன் என்று கேட்கலாகாது என்பதைக் காசிமேட்டு மீனவர்களுக்கும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பின் 7 இலட்சத்திற்கும் அதிகமானோர் வங்கதேசத்திற்கு ஓடினர். அப்போதும் கூட்டமைப்பு ஒன்றுபட்டுக் கண்டிக்கவில்லை.

2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. இம்முறை பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் என எல்லா மக்களும் ஒடுக்கப்பட்டனர். ஏப்ரல் 24 அன்று ஜகார்த்தாவில், வன்முறையை நிறுத்துதல் உள்ளிட்ட ஐந்து அம்சங்களுக்கு இராணுவத் தலைவர் மின் ஆங் லைங்கின் முன்னிலையிலேயே உடன்பாடு காணப்பட்டது. வாக்கு காப்பாற்றப்படாததால், அவ்வாண்டு அக்டோபர் உச்சி மாநாட்டிற்கு அவர் அழைக்கப்படவில்லை. 2026ஆம் ஆண்டு மியான்மருக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பும் பிலிப்பைன்ஸிடம் சென்றது. இவை சிறியனவல்ல, ஆனால் மிகவும் தாமதமானவை.

நல்லடியார்களே! நபியவர்கள் இளமையில் கலந்துகொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நினைத்துப் பாருங்கள். யமனிலிருந்து வந்த வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு விலை தர மறுத்தவர், மக்காவின் பிரமுகரான ஆஸ் இப்னு வாயில். அநீதி இழைத்தவர் தம் ஊரார்; இழந்தவரோ அந்நியர். அப்படியிருந்தும், குறைஷிகளில் நியாயவான்கள் ஒன்றுகூடி உரிமையை மீட்டுக் கொடுத்தனர். நபித்துவத்திற்குப் பின்னரும் அண்ணலார் அந்த உடன்படிக்கையைப் போற்றினார்கள். அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்றும், அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்றும் விளக்கினார்கள்.

ஆசியானைக் குறை கூறிவிட்டு வீடு திரும்புவது எளிது. நம் குடும்பங்கள் எப்படி இருக்கின்றன? தந்தை விட்டுச் சென்ற சொத்தில் சகோதரியின் பங்கை அண்ணன் கொடுக்காமல் வைத்திருக்கிறார். தம்பிகள் அறிவார்கள், உறவினர் அறிவார்கள், ஜமாஅத்தாரும் அறிவார்கள். "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று எல்லோரும் ஒதுங்குகிறோம். உள்நாட்டு விவகாரம் என்று அரசுகள் சொல்வதும் இதுவும் ஒன்றல்லவா? ஒற்றுமை குலையும் என்று அஞ்சுகிறோம். பங்கை இழந்த அந்தச் சகோதரிக்கு அந்த ஒற்றுமையால் என்ன பயன்?

தவறிழைத்தவரை முதலில் தனிமையில் சந்தியுங்கள். கனிவுடன் எடுத்துச் சொல்லுங்கள். வாக்களித்தால் தவணை குறியுங்கள். தவறினால் ஜமாஅத் கூடிக் கேட்கட்டும். உறவைத் துண்டிக்க வேண்டியதில்லை. உறவின் பெயரால் மௌனம் காக்கவும் கூடாது.

யா அல்லாஹ்! ஒடுக்கப்பட்ட மக்கள் அனைவருக்கும் விடியலைத் தருவாயாக! எங்களுள் அநீதி இழைப்போரைத் தடுக்கும் துணிவை எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்!