எச்சரிக்கை மட்டும் போதாது

1970 நவம்பரில் வங்கக் கடலில் எழுந்த புயல், இன்றைய வங்கதேசத்தின் போலா தீவையும் சுற்றுப்புறத்தையும் சூறையாடிற்று. குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டனர். காற்றைவிடக் கடல் வெள்ளமே அதிகம் கொன்றது. மாண்டவர் யார்? மீனவர்கள், கூலி விவசாயிகள், குடிசைவாசிகள்!

1991-ல் மீண்டும் ஒரு புயல். சுமார் 1,38,000 பேர் பலி. எச்சரிக்கை வராமல் இல்லை. ஒதுங்கப் போதிய கட்டிடம் இல்லை. மாட்டை விட்டுப் போகவும் பலருக்கு மனம் வரவில்லை. அந்த மாடுதானே அவர்கள் சொத்து!

பின்னர் தூண்கள்மீது புயல் காப்பிடங்கள் பெருகின. கால்நடைக்கு மண்மேடுகள் எழுந்தன. 1972-ல் தொடங்கிய தொண்டர் படை வளர்ந்தது. ஊர் ஆண்களும் பெண்களும் வீடு வீடாகச் சென்று மக்களை அழைத்தனர். 2020-ல் அம்பன் புயலுக்கு முன் அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காப்பிடம் சேர்ந்தனர். உயிரிழந்தோர் நூறைத் தொடவில்லை.

இன்று கடல் சூடேறுகிறது, மட்டம் உயர்கிறது. அதிகம் எரித்த நாடுகள் செல்வம் சேர்த்தன. விலை கொடுப்பது தீவின் ஏழை. ஆகவே காப்பிடம் தர்மமல்ல, உரிமை!

அதே கடல்தான் நம் கரையையும் தொடுகிறது. நம் ஊரில் காப்பிடம் எங்கே? சாவி யாரிடம்? நடக்க முடியாத கிழவியைத் தூக்கிச் செல்வது யார்? புயலுக்கு முன்பே கேட்போம்; பதில் வரும்வரை விடமாட்டோம்!